மூலக்கூறுப் பசை என்றால் என்ன? இரண்டு புரதங்களை ஒட்டவைத்து வேலை செய்யும் மாத்திரைகள்

1961 நவம்பரில் மேற்கு ஜெர்மனி மருந்துக் கடைகளில் இருந்து ஒரு மாத்திரை அவசர அவசரமாகத் திரும்பப் பெறப்பட்டது. பெயர் தாலிடோமைடு. தூக்கத்துக்கும், கர்ப்பிணிகளின் வாந்தி, மயக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு கை, கால்கள் சரியாக வளராமல், காது, கண், உள்ளுறுப்புகளில் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்க பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 10,000-க்கும் மேல்.

அதே தாலிடோமைடு இன்று, மல்டிபிள் மைலோமா எனும் ரத்தப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அதன் 'தம்பி' மருந்தான லெனலிடோமைடு, இந்தப் புற்றுநோய் சிகிச்சையில் முக்கியமான மாத்திரைகளில் ஒன்று.

ஒரே மாத்திரை ஒரு பக்கம் அவ்வளவு பெரிய கேட்டையும், இன்னொரு பக்கம் உயிர் காக்கும் வேலையையும் செய்கிறது. இது எப்படி சாத்தியம்?

விடை கிடைக்க சுமார் அரை நூற்றாண்டு ஆனது. தாலிடோமைடு உடலுக்குள் போய், சாதாரணமாக ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு புரதங்களை ஒட்டவைக்கிறது. இப்படி வேலை செய்யும் மருந்துகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'மூலக்கூறுப் பசை'. இந்தப் பசை எதை எதோடு ஒட்டுகிறது என்பதில்தான் மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

புரதங்கள் ஏன் கூட்டு சேர்கின்றன?

புரதம் என்றதும் முட்டையும் பருப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நம் செல்களுக்குள் நடக்கும் பெரும்பாலான வேலைகளைச் செய்யும் தொழிலாளிகளே புரதங்கள்தான். மனித உடலில் புரதம் தயாரிப்பதற்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000 இருக்கின்றன.

இந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் தனியாக வேலை பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்தால்தான் அது ஹீமோகுளோபின். சில கூட்டணி கடைசி வரை நீடிக்கும். சில கூட்டணி ஒரு தகவலைக் கைமாற்றிவிட்டு அடுத்த நொடியே பிரிந்துவிடும். இப்படிப்பட்ட சேர்க்கைகள் நம் உடலில் லட்சக்கணக்கில் இருக்கலாம் என்பது மதிப்பீடு.

சரி, இதுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடும் பல மாத்திரைகளின் ஃபார்முலா ஒன்றுதான். தொந்தரவு செய்யும் புரதத்தைக் கண்டுபிடி, அதில் இருக்கும் சின்னக் குழியில் போய் உட்கார், அதன் வேலையை நிறுத்து. ஆஸ்பிரின் அப்படித்தான் வலியைக் குறைக்கிறது. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் அப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் புரதத்திலும் மாத்திரை போய் உட்காரத் தோதான குழி இருக்காது. பல புரதங்களின் மேற்பரப்பு வழவழவென்று தட்டையாக இருக்கும். மருந்து பிடிக்க இடமே கிடைக்காது. இப்படிப்பட்ட புரதங்களை 'மருந்துக்கு மசியாதவை' என்று பல வருடங்கள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

இங்கதான் பசை மருந்துகள் வருகின்றன. இவை இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் புரதங்கள் பிரிந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பது ஒரு விதம். முன்பின் அறிமுகமில்லாத இரண்டு புரதங்களைக் கல்யாணத் தரகர் மாதிரி சேர்த்து வைப்பது இன்னொரு விதம்.

முதல் விதம்: ஆடும் கட்டிலுக்கு ஆப்பு

பழைய மரக் கட்டிலின் கால் லூஸாகி ஆடினால், மூட்டு இடுக்கில் சின்னதாக ஒரு ஆப்பு அடித்தால் போதும், கட்டில் நின்றுவிடும். டஃபாமிடிஸ் என்ற மருந்து செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

நம் கல்லீரல் டிரான்ஸ்தைரெட்டின் என்று ஒரு புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-வையும் சுமந்து செல்வது இதன் வேலை. நான்கு ஒரே மாதிரியான துண்டுகள் சேர்ந்து ஒரு முழுப் புரதமாக நிற்கும்.

சிலருக்குப் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் இந்த நான்கு துண்டுகளும் எளிதாகப் பிரிந்துவிடும். மரபணுவில் எந்தக் கோளாறும் இல்லாத சிலருக்கு, வயதான காலத்தில் இதே பிரச்னை வரும். பிரிந்த துண்டுகள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று சிக்கி, நார் நாராகப் படிய ஆரம்பிக்கும். இதயத்தில் படிந்தால் இதயச் சுவர் விறைத்துப்போகும். நரம்பில் படிந்தால் கால் மரத்துப்போவதில் தொடங்கி நடையே போய்விடும்.

இதற்கு முன்பு பரம்பரை நோயாளிகளுக்கு இருந்த பெரிய வழி, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. புரதம் தயாராகும் ஃபேக்டரியையே மாற்றிவிடுவது!

ஒரு துப்பு போர்ச்சுகலில் இருந்து வந்தது. இந்த நோய் அதிகம் காணப்படும் குடும்பங்களில், நோய் தரும் மரபணு மாற்றம் இருந்தும் சிலர் பெரிய பாதிப்பு இல்லாமல் இருந்தார்கள். அவர்களிடம் கூடவே இன்னொரு மரபணு மாற்றமும் இருந்தது. அந்த இரண்டாவது மாற்றம் நான்கு துண்டுகளையும் இறுக்கமாகப் பிணைத்து வைத்திருந்தது.

அப்போ, இந்த இறுக்கத்தை ஒரு மாத்திரையால் கொடுக்க முடியுமா? அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜெஃப்ரி கெல்லியின் குழு இதைத்தான் தேடியது. டிரான்ஸ்தைரெட்டினின் துண்டுகள் சந்திக்கும் இடத்தில், தைராய்டு ஹார்மோன் உட்காருவதற்கான இரண்டு இருக்கைகள் உண்டு. தைராய்டு ஹார்மோனைச் சுமக்க ரத்தத்தில் வேறு புரதங்களும் இருப்பதால், இந்த இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். டஃபாமிடிஸ் அந்தக் காலி இருக்கையில் போய் உட்கார்ந்து, துண்டுகளைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இதயம் பாதிக்கப்பட்ட 441 நோயாளிகளிடம் இந்த மருந்து 30 மாதங்கள் சோதிக்கப்பட்டது. முடிவு 2018-ல் வெளியானது. வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 42.9 சதவீதம் பேர் அந்தக் காலத்தில் இறந்திருந்தார்கள். டஃபாமிடிஸ் எடுத்தவர்களில் அது 29.5 சதவீதம். 2019-ல் அமெரிக்கா இதய நோயாளிகளுக்கு இந்த மருந்தை அங்கீகரித்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து புதிதாகத் துண்டுகள் பிரிவதைத்தான் மட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே இதயத்தில் படிந்ததைச் சுரண்டி எடுப்பது இதன் வேலை இல்லை. அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ரொம்ப முக்கியம்.

இரண்டாம் விதம்: மண்ணில் கிடைத்த தரகர்கள்

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டில் டாக்ரோலிமஸ் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, தினமும் நேரம் தவறாமல் எடுத்துக்கொள்ளும் மருந்து.

இது ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவில் இருந்து 1984-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது என்று தெரிந்தது. எப்படி அடக்குகிறது என்பது தெரியவில்லை.

எஃப்கேபிபி12 என்ற புரதத்தில் இந்த மருந்து ஒட்டுகிறது என்று முதலில் தெரிந்தது. ஆனால் அந்தப் புரதத்தின் வேலையை நிறுத்துவதால் மட்டும் எதிர்ப்பு சக்தி அடங்கவில்லை. 1991-ல் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் உள்ளிட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் முடிச்சை அவிழ்த்தார்கள். மருந்தும் எஃப்கேபிபி12-ம் சேர்ந்து ஒரு ஜோடியாகி, கால்சினியூரின் என்ற மூன்றாவது ஆளின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. கால்சினியூரின்தான் நம் உடலின் காவலர்களான டி செல்களுக்கு 'அந்நியன் வந்துட்டான், கிளம்பு' என்று சிக்னல் போக உதவும் புரதம். அது மாட்டிக்கொண்டால் சிக்னல் போகாது. புதிய கிட்னி பிழைத்துக்கொள்ளும்.

இதை இன்னும் சுவாரஸ்யமாக்குவது ராபாமைசின். இது 1964-ல் கனடா மருத்துவக் குழு ஒன்று பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போனபோது எடுத்து வந்த மண்ணில் இருந்து கிடைத்தது. உள்ளூர் மக்கள் அந்தத் தீவைச் சொல்லும் பெயர் ராபா நுய். மருந்தின் பெயரும் அதில் இருந்து வந்ததுதான். மாண்ட்ரியலில் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த குழுவில் முக்கியமானவர், இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேன் சேகல். 1980-களில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, மருந்து தரும் பாக்டீரியாவை வீட்டு ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்றியவர் அவர். அமெரிக்காவில் 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு இந்த மருந்து அங்கீகரிக்கப்பட்டது.

ராபாமைசினும் முதலில் பிடிப்பது அதே எஃப்கேபிபி12-ஐத்தான். ஆனால் இந்த ஜோடி அடுத்து போய் ஒட்டுவது எம்டார் என்ற வேறொரு புரதத்தில். எம்டார், செல் வளரலாமா வேண்டாமா என்பதைக் கட்டுப்படுத்தும் புரதம். இதனால் கிட்னி மாற்று சிகிச்சையோடு, இதயத்தில் வைக்கும் சில ஸ்டென்ட்களின் மேல் பூசவும் ராபாமைசின் பயன்படுகிறது. ரத்தக் குழாய்க்குள் செல்கள் வளர்ந்து மறுபடியும் அடைத்துக்கொள்ளாமல் தடுப்பதற்காக.

மாப்பிள்ளை ஒருவர்தான். தரகர் மாறியதும் பெண் வீடு மாறிவிட்டது. உடலில் நடக்கும் விளைவும் மாறிவிட்டது.

தாலிடோமைடு யாரை யாரோடு ஒட்டியது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, 'பாதுகாப்பான' மருந்து என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் வேலை பார்த்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, கொடுத்த ஆதாரம் போதாது என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஐரோப்பாவில் இருந்து செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. மருந்து வேலை செய்கிறது என்பதை நிரூபித்த பிறகே விற்க முடியும் என்று அமெரிக்கா 1962-ல் சட்டத்தை இறுக்கியதற்கு இந்தச் சம்பவம் முக்கியக் காரணம்.

மருந்தின் கதை அங்கே முடியவில்லை. 1964-ல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளுக்கு வரும் கடும் வலியுள்ள தோல் அழற்சியில், தூக்கத்துக்காக இதைக் கொடுத்துப் பார்த்தார். அழற்சியே தணிந்தது. 1998-ல் அமெரிக்கா இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. வேறு சிகிச்சைகள் பலன் தராத மல்டிபிள் மைலோமா நோயாளிகள் 84 பேரிடம் நடந்த சோதனையில், 32 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்ததாக 1999-ல் முடிவு வெளியானது.

இவ்வளவுக்குப் பிறகும் மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2010-ல் ஜப்பானின் ஹிரோஷி ஹண்டா, டக்குமி இட்டோ குழு ஒரு தூண்டில் போட்டது. நுண்ணிய காந்த மணிகளில் தாலிடோமைடை ஒட்டி, மனித செல்களின் சாற்றில் முக்கி எடுத்தார்கள். தூண்டிலில் மாட்டிய மீன், செரெப்ளான் என்ற புரதம். எடைக் கணக்கில், தாலிடோமைடைவிட சுமார் 200 மடங்கு பெரிய மீன்.

செரெப்ளானின் வேலை என்ன? நம் செல்லுக்குள் வேண்டாத புரதங்களை அப்புறப்படுத்த ஒரு துப்புரவுப் பிரிவு உண்டு. இடிக்க வேண்டிய கட்டடத்தில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி, அழிக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் ஒட்டியதும் அந்தப் புரதம் அரவை இயந்திரத்துக்குப் போய்விடும். எந்தப் புரதத்தின் மேல் நோட்டீஸ் ஒட்டுவது என்று ஆளைப் பிடித்துக் கொடுப்பவர்தான் செரெப்ளான்.

தாலிடோமைடு செரெப்ளானின் குழியில் உட்கார்ந்ததும், அதன் மேற்பரப்பு லேசாக மாறுகிறது. இதுவரை அங்கே ஒட்டாத சில புரதங்களுக்கு இப்போது அந்த இடம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பட்டியலிலேயே இல்லாத ஆட்கள் மேல் நோட்டீஸ் விழுகிறது.

அப்படி மாட்டியவர்களில் இருவர் இகாரோஸ், அயோலோஸ். மைலோமா புற்றுநோய் செல்கள் உயிர் வாழ இந்த இரண்டும் தேவை. தாலிடோமைடு குடும்ப மருந்துகள் இந்த இரண்டையும் அழிக்க வைக்கின்றன, அதனால்தான் புற்றுநோய் செல்கள் சாகின்றன என்பது 2014-ல் தெளிவானது. இரண்டுமே குழி இல்லாத, 'மருந்துக்கு மசியாத' ரகம். பசை அவற்றை மசிய வைத்துவிட்டது.

2018-ல் கதையின் மறுபாதியும் வெளியே வந்தது. மாட்டியவர்களில் சால்4 என்ற புரதமும் இருந்தது. கருவில் கை, கால்கள் உருவாக இது அவசியம். பிறவியிலேயே சால்4 மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு, தாலிடோமைடு பாதிப்பைப் போலவே கைகளில் குறைபாடு வருவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கரு வளரும் அந்தக் குறிப்பிட்ட நாட்களில் தாய் மாத்திரை சாப்பிட்டால், சால்4 அழிக்கப்பட்டுவிடுகிறது. இதில் வேறு சில புரதங்களுக்கும் பங்கு இருக்கலாம் என்கின்றன அடுத்தடுத்த ஆய்வுகள்.

ஆக, புற்றுநோய் வார்டில் நடப்பதும் அன்று கருவறையில் நடந்ததும் ஒரே வேலைதான். ஒட்டப்பட்ட ஆள்தான் வேறு.

எலிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

தாலிடோமைடைக் கொடுத்தாலும் எலிக் குட்டிகளுக்கு இந்தக் குறைபாடுகள் வருவதில்லை. முயலுக்கும் குரங்குக்கும் வருகிறது. இது பல வருடங்கள் புதிராகவே இருந்தது.

இதற்கும் காரணம் பசைதான். எலியின் செரெப்ளானில், மருந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அமினோ அமிலம் மனிதனிடம் இருப்பதில் இருந்து வேறுபட்டது. எலியின் சால்4-லும் சின்ன மாற்றங்கள் உண்டு. இவ்வளவு சிறிய வித்தியாசத்திலேயே பசை பிடிக்காமல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட மருந்துகளில், எலியிடம் பாதுகாப்பாக இருப்பது மனிதனுக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி தற்செயலை நம்ப வேண்டாமா?

மேலே சொன்னவற்றில் டஃபாமிடிஸ் மட்டுமே 'இப்படி ஒட்ட வேண்டும்' என்று திட்டமிட்டுத் தேடப்பட்டது. மற்றவை எல்லாம் முதலில் விளைவு தெரிந்து, அப்புறம்தான் பசை என்று தெரிந்தவை. இப்போது விஞ்ஞானிகள் பசையைத் திட்டமிட்டே தயாரிக்கப் பார்க்கிறார்கள்.

அதற்கான பாடம் ஒரு தாவர நோயில் இருந்து கிடைத்தது. பீச், பாதாம் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை, ஃபியூசிகாக்சின் என்ற நச்சை வெளியிடும். அது இலையில் 14-3-3 என்ற புரதத்தையும், செல் சவ்வில் உள்ள ஒரு பம்ப் புரதத்தையும் சேர்த்து ஒட்டிவிடும். பம்ப் ஓயாமல் ஓடும். இலைத்துளைகள் மூடாமல் திறந்தே கிடக்கும். நீர் எல்லாம் ஆவியாகி இலை வாடிவிடும்.

இதே 14-3-3 குடும்பம் மனிதனிடமும் இருக்கிறது, ஏழு வகைகளாக. நூற்றுக்கணக்கான புரதங்களோடு கைகோத்து, அவற்றின் வேலையை முடுக்கவும் அடக்கவும் செய்கிறது. அந்தக் கூட்டாளிகளில் ஒன்று, பல மார்பகப் புற்றுநோய்களைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. 14-3-3 பிடித்துக்கொண்டால் ஏற்பியின் ஆட்டம் அடங்கும். பூஞ்சை நச்சு இந்தப் பிடியை இறுக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பின்பற்றி, நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான்ஃபிரான்சிஸ்கோ வளாகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், இரண்டு புரதங்கள் சந்திக்கும் இடுக்கில் பொருந்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடி, மெருகேற்றி வருகிறார்கள். 14-3-3 மற்ற கூட்டாளிகளைத் தொடாமல், குறிப்பிட்ட ஒரு ஜோடியை மட்டும் இறுக்க வேண்டும் என்பதே சவால்.

இதில் உள்ள சிக்கல்கள் என்ன?

• வழக்கமான மருந்துக்கு ஒரு புரதத்தோடு பொருந்தினால் போதும். பசைக்கு இரண்டு புரதங்களோடும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்.

• வேண்டிய ஜோடியோடு வேண்டாத ஜோடியும் ஒட்டிக்கொள்ளலாம். தாலிடோமைடு கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

• விலை. டஃபாமிடிஸ் 2019-ல் அமெரிக்காவில் அறிமுகமானபோது, ஒரு வருடத்துக்கான பட்டியல் விலை 2,25,000 டாலர்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

தாலிடோமைடு, லெனலிடோமைடு, பொமலிடோமைடு ஆகிய மூன்றும் இன்றும் கடுமையான நிபந்தனைகளோடுதான் கொடுக்கப்படுகின்றன. குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு மருந்து தொடங்கும் முன்பும், சிகிச்சையின்போதும் கர்ப்பப் பரிசோதனை உண்டு. மருந்து விந்தணு திரவத்திலும் கலக்கும் என்பதால் ஆண்களும் ஆணுறை பயன்படுத்த வேண்டும். மீதமான மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கவே கூடாது.

டாக்ரோலிமஸ், சிரோலிமஸ் எடுப்பவர்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. சிரோலிமஸ் என்பது ராபாமைசினின் இன்னொரு பெயர். மருந்து ரத்தத்தில் இருக்கும் வரைதான் இந்த ஒட்டு நிற்கும். நிறுத்தினால் கால்சினியூரினோ எம்டாரோ திரும்ப வேலையைத் தொடங்கிவிடும், உடல் புதிய உறுப்பைத் தாக்க ஆரம்பித்துவிடும். மருந்து, அளவு, நேரம் எதை மாற்றுவதாக இருந்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.